சித்தப்பா போனுக்கு 599 ரூபாய் ஆன்டிவைரஸ்: ஒரு வருடக் கணக்கு

போன வருடம் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் சித்தப்பா புது போன் வாங்கினார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடை, பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன், அதோடு டெம்பர்ட் கிளாஸ், ரப்பர் கவர். பில் போடப் போகும்போது கடைப்பையன் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய அட்டைகளில் ஒன்றை உருவி எடுத்து, "சார், நெட்டு போட்டாலே வைரஸ்தான், இது இல்லாம போன் வச்சிருக்கவே கூடாது" என்றிருக்கிறான். 599 ரூபாய். சுரண்டினால் ஒரு நம்பர் வரும், அதை ஆப்பில் அடித்தால் ஒரு வருடத்துக்கு இரண்டு போன்களுக்குப் பாதுகாப்பு. சித்தப்பா அரசுப் பேருந்தில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர், ஐம்பது பைசாவுக்குக்கூடக் கணக்குக் கேட்பவர், அவரே மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்றால் பையன் எவ்வளவு பயமுறுத்தியிருப்பான் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போனுக்கான இடம் வீணாகக் கூடாது என்று அதை என் போனில் போடச் சொல்லிவிட்டார்.

ஆக ஒரு வருடம் நாங்கள் இருவரும் அந்த ஆப்போடு குடித்தனம் நடத்தினோம். போன வாரம் காலாவதியானது. கடைப் பெயரும் வேண்டாம், ஆப் பெயரும் வேண்டாம், நாளைக்கும் அந்தத் தெரு வழியாகத்தான் போய்வர வேண்டும். மார்க் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் எதற்கு என்று கடைசியில் வருகிறது.

போட்ட அன்றே எனக்கு ஒன்று உறுத்தியது. ஆப்பைத் திறந்ததும் வரிசையாக அனுமதி கேட்டது. எல்லா ஃபைல்களையும் பார்க்க வேண்டும், நோட்டிஃபிகேஷன்களைப் படிக்க வேண்டும், லொக்கேஷன் வேண்டும், மற்ற ஆப்களுக்கு மேலே திரையில் வந்து நிற்க வேண்டும், அப்புறம் ஆக்ஸசிபிலிட்டி. இந்தக் கடைசி அனுமதி பார்வையில்லாதவர்கள் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்காகச் செய்யப்பட்டது, திரையில் இருப்பதை ஒரு ஆப் வாசித்துச் சொல்லவும் அவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அமுக்கவும் வழி செய்வது. நம்மூர் பேங்க் கணக்குகளைக் காலி செய்யும் திருட்டு ஆப்கள் ஆசைப்பட்டுக் கேட்பதும் இதையேதான், ஏனென்றால் திரையைப் படித்துப் பொத்தானையும் அமுக்க முடிந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? இணையப் பக்கங்களில் உள்ள மோசடி லிங்க்குகளைத் தடுக்கத்தான் இது தேவை என்று ஆப் சொன்னது. காரணம் நியாயமானதுதான். ஆனால் இந்த அனுமதியைக் கேட்கும் எதற்கும் 'சரி' சொல்லிப் பழகிய ஒரு மனிதர் அடுத்த முறை வேறொன்று கேட்கும்போது என்ன செய்வார்? இதற்கான பதிலை ஜூன் மாதம் நேரிலேயே பார்த்தேன்.

மற்றபடி அந்த ஆப்பில் இருந்ததெல்லாம் சீர்வரிசை மாதிரி. குப்பை ஃபைல் துடைப்பான் இருந்தது, அதற்கு கூகுளின் ஃபைல்ஸ் ஆப் இலவசமாகவே இருக்கிறது. தொலைந்த போனைத் தேடும் வசதியை கூகுள் கணக்கிலேயே வைத்திருக்கிறார்கள். ஆப் லாக் அந்தப் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனின் செட்டிங்ஸிலேயே இருந்தது. மெமரியைக் காலி செய்து போனை வேகமாக்கும் பொத்தான் ஒன்று, அமுக்கினால் ராக்கெட் பறக்கிற படம் வரும், ராக்கெட் போனபின் போன் முன்பு இருந்த அதே வேகத்தில் இருக்கும். பேட்டரி தின்னும் ஆப்களின் பட்டியலில் அது என் போனில் மூன்றாவது இடம், யூடியூப், வாட்ஸ்அப் இரண்டுக்கும் அடுத்து. சித்தப்பாவுக்கு அதில் பிடித்தது பச்சை டிக் மட்டும்தான். தினமும் காலையில் பல் தேய்க்குமுன் ஸ்கேன் பொத்தானை அமுக்குவார், வட்டம் சுற்றும், "உங்கள் போன் பாதுகாப்பாக உள்ளது" என்று பச்சையில் வரும். பார்த்துவிட்டுத்தான் காப்பி.

அந்த வட்டம் சுற்றும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் வேலை செய்கிற மாதிரி போனில் அது எல்லா இடத்துக்கும் போய்வர முடியாது. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை, தனிப் பூட்டு, அதன் அடித்தளமான லினக்ஸில் ஆளுக்கொரு பயனர் எண் கொடுப்பதைப் போல ஆப்புக்கொரு எண் கொடுத்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸுக்கும் அதே மாதிரி ஒரு அறைதான், அது பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் ஆவதெல்லாம் இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஆப்களின் ஏபிகே ஃபைலை (ஆப்பை இன்ஸ்டால் செய்ய உதவும் பொட்டலம்) எடுத்து, தன்னிடம் இருக்கும் கெட்டவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பொதுவான ஃபோல்டர்களைத் துழாவுவது, லிங்க்குகளைச் சோதிப்பது, இவ்வளவுதான். திருட்டு ஆப் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாலும் அதைத் தானாகத் தூக்கி எறிய அதற்கு அதிகாரம் கிடையாது, "நீக்கு" என்றால் ஆண்ட்ராய்டின் அன்இன்ஸ்டால் பெட்டியைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கேட்டில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் கையில் போட்டோ இருக்கும் ஆளை மட்டும்தான் அடையாளம் சொல்வார், வீட்டுக்குள் நுழைந்தவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ள அவருக்குச் சாவி தரப்படவில்லை.

சரி, ஜூன் மாதக் கதைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாவின் பள்ளிக்கூட நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபைல் வந்தது. அனுப்பியவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார், பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஃபைலின் பெயர் ஆர்டிஓ சலான், கடைசியில் டாட் ஏபிகே. கீழே, உங்கள் வண்டிக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டுள்ளது, விவரத்தைப் பார்க்கவும் என்று ஒரு வரி. வேறு யாராவது இருந்தால் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். சித்தப்பாவோ முந்தின நாள்தான் ஹெல்மெட் இல்லாமல் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வண்ணார்பேட்டை வரை போய்வந்தவர், அங்கே ஒரு போலீஸ்காரர் போன் கேமராவைத் தூக்கியதையும் பார்த்தவர். ஹெல்மெட் போடாததற்குத் தமிழ்நாட்டில் அபராதம் சரியாக அதே 1,000 ரூபாய். இந்த மோசடிக்காரர்கள் யாரையும் தனியாகக் குறிவைப்பதில்லை, ஆயிரம் பேருக்கு அனுப்பினால் பத்து பேராவது முந்தின நாள் ஹெல்மெட் இல்லாமல் போயிருப்பார்கள், அவ்வளவுதான் கணக்கு.

அமுக்கினார். வாட்ஸ்அப் வழியாக ஆப் போட அனுமதி வேண்டும் என்று ஆண்ட்ராய்டு கேட்டது, கொடுத்தார். இன்ஸ்டால் ஆனது. உடனே நம்முடைய 599 ரூபாய் காவலாளி திரையின் அடியில் எழுந்து வந்து, அந்த ஆப்பின் பெயரையே போட்டு, "பாதுகாப்பானது" என்று பச்சை டிக் காட்டியது. சித்தப்பா இதை எனக்கு மூன்று தடவை சொன்னார். "அதுதாம்லே நல்லதுன்னு சொல்லிச்சு!"

திறந்ததும் அரசாங்க முத்திரை மாதிரி ஒரு படம், வண்டி நம்பர் போட ஒரு கட்டம். நம்பர் போட்டதும் "அப்டேட் செய்தால்தான் விவரம் வரும்" என்றது, அதற்கும் சரி சொன்னார். அந்த அப்டேட்தான் உண்மையான திருடன், முதலில் வந்தது வெறும் பொட்டலம். திருடன் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டான், கான்டாக்ட்ஸ் கேட்டான், பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க அனுமதி கேட்டான், தீபாவளியிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி சொல்லிப் பழகிய கை அதற்கும் சொன்னது. கடைசியில் சரிபார்ப்புக்காக ஒரு ரூபாய் கட்டச் சொல்லி ஏடிஎம் கார்டு நம்பர் கேட்டிருக்கிறான். கார்டு சித்தியிடம், சித்தி கோவிலில். அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

சாயங்காலம் வாட்ஸ்அப் வெளியே தள்ளிவிட்டது, உங்கள் எண் வேறு ஒரு போனில் பதிவாகிவிட்டது என்று. எஸ்எம்எஸ்ஸைப் படிக்க முடிந்ததால் வாட்ஸ்அப் அனுப்பும் ஆறு இலக்க எண்ணை அவர்கள் எடுத்து, தங்கள் போனில் இவர் எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார் எப்படி ஏபிகே அனுப்பினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது, அவர் அனுப்பவே இல்லை, அவருக்கும் இதேதான் நடந்திருக்கிறது. இப்போது சித்தப்பாவின் முறை. சம்பந்தி வீடு, பழைய டெப்போ மேனேஜர், கேஸ் ஏஜென்சி, குலதெய்வக் கோவில் கமிட்டி, எல்லாருக்கும் சித்தப்பா பேரில் சலான் போய்க்கொண்டிருந்தது.

பணம் போகவில்லை. அது ஆன்டிவைரஸ் புண்ணியமும் இல்லை, என் புண்ணியமும் இல்லை. பேங்கில் கொடுத்திருந்தது அவருடைய பழைய பட்டன் போன் நம்பர். பென்ஷன் வந்தால், எடுத்தால், ஓடிபி வந்தால் எல்லாம் அந்தச் சின்னப் போனில்தான் டிங் என்று அடிக்கும். திருடன் கைப்பற்றிய எஸ்எம்எஸ் பெட்டியில் ரீசார்ஜ் ஆஃபரும் நகைக்கடை ஆடித் தள்ளுபடியும்தான் இருந்தன. வீட்டில் வயதானவர்கள் இப்படி இரண்டு போன் வைத்திருந்தால் "ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நானே அவரிடம் இரண்டு வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன், கேட்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மறுநாள் காலை ஆறு மணி வாக்கில், கிட்டத்தட்ட இருபது மணி நேரம் கழித்து, ஆன்டிவைரஸ் சிவப்பாக ஒரு நோட்டிஃபிகேஷன் அனுப்பியது: ஒரு அச்சுறுத்தல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஏபிகேயைத்தான் சொல்கிறது. நான் போய்ச் சேர்ந்து "நீக்கு" பொத்தானை அமுக்கினால், அன்இன்ஸ்டால் பெட்டி வந்து, இது டிவைஸ் அட்மின் ஆப் (போனை நிர்வகிக்கும் அதிகாரம் வாங்கிக்கொண்ட ஆப்), நீக்க முடியாது என்று மூடிக்கொண்டது. ஐகானும் இல்லை. கடைசியில் பவர் பட்டனைப் பிடித்து, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை நீளமாக வைத்து, சேஃப் மோடில் போனை எழுப்பினேன். சேஃப் மோடில் நாமாகப் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாது, திருடனும் ஓட மாட்டான். செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் பட்டியலுக்குப் போய் டிக்கை எடுத்துவிட்டு, ஆப் பட்டியலில் பெயரே இல்லாமல் வெள்ளைக் கட்டமாக இருந்ததையும் அந்தச் சலான் ஆப்பையும் நீக்கியபின் ரீஸ்டார்ட். மொத்தம் பத்து நிமிடம். சில மாடல்களில் சேஃப் மோடுக்குப் போகும் வழி கொஞ்சம் மாறும், ஆனால் இந்த வேலைக்கு எந்த ஆப்பும் தேவைப்படவில்லை.

வாட்ஸ்அப்தான் படுத்தியது. நம் போனில் எண்ணை மறுபடியும் பதிவு செய்ததும் திருடன் வெளியே போய்விட்டான், ஆனால் போகுமுன் டூ ஸ்டெப் பின் நம்பரை (எஸ்எம்எஸ் எண்ணுக்கு மேல் வாட்ஸ்அப் கேட்கும் இரண்டாவது ரகசிய எண்) அவனே போட்டு வைத்திருந்தான். அந்த பின் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் விதி. அந்த ஏழு நாளும் சித்தப்பா கண்டக்டர் காலத்து டைரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் செய்து, "நான் அனுப்பலைய்யா, தொறந்துராத" என்று சொல்லி, பேசி முடித்தவர் பெயருக்கு நேராக டிக் போட்டுக்கொண்டே போனார். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, சைபர் கிரைம் தளத்தில் புகார் மட்டும் பதிந்தோம்.

இனி, அந்தப் பச்சை டிக் ஏன் வந்தது? நான் அந்த ஏபிகேயை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்த்தேன். ஸ்பெயினில் தொடங்கி 2012இல் கூகுள் வாங்கிய தளம், ஒரு ஃபைலைக் கொடுத்தால் பல கம்பெனிகளின் ஆன்டிவைரஸ் என்ஜின்கள் ஒரே நேரத்தில் என்ன சொல்கின்றன என்று காட்டும். அன்று காலை விரல்விட்டு எண்ணக்கூடிய சில என்ஜின்கள்தான் கெட்டது என்றன, மறுநாள் பார்த்தபோது அந்த எண்ணிக்கை இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் கும்பல்கள் ஒரே சரக்கைப் பெயர் மாற்றி, உறை மாற்றி, உள்ளே இருக்கும் ஏபிகேயைப் பூட்டி அடிக்கடி புதிதாக விடுகிறார்கள். பட்டியலில் பெயர் ஏறுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. காவலாளியிடம் போட்டோ வந்து சேரும்போது திருடன் அடுத்த தெருவில் இருக்கிறான்.

இது என் ஆப்பின் தனிக் கோளாறு என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரியாவில் ஏவி கம்பாரேட்டிவ்ஸ் என்ற சோதனைக்கூடம் 2019இல் ப்ளே ஸ்டோரிலிருந்து 250 ஆன்டிவைரஸ் ஆப்களை எடுத்து, 2,000 கெட்ட ஆப்களைப் போட்டுப் பார்த்தது. முப்பது சதவீதத்துக்கு மேல் பிடித்து, நல்ல ஆப்பைக் கெட்டது என்று சொல்லாமலும் இருந்தவை 80 மட்டும். முப்பது சதவீதம் என்பது நம் பள்ளிக்கூடத்தில் பாஸ் மார்க்கே இல்லை! எல்லாவற்றையும் பிடித்த நல்ல ஆப்களும் அதில் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். மீதியில் சில ஆப்கள் உள்ளே எதையும் பார்ப்பதே இல்லை, தெரிந்த பெரிய கம்பெனிப் பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத எல்லாவற்றையும் ஆபத்து என்று சொல்லிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றிரண்டு தன் சொந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்க மறந்துபோய்த் தன்னையே ஆபத்தான ஆப் என்று காட்டியதுதான் வேடிக்கை. அதற்கும் முன்னால் 2014இல் வைரஸ் ஷீல்டு என்று ஒன்று ப்ளே ஸ்டோரில் நாலு டாலருக்கு விற்றது, பத்தாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள், ஐகானைத் தட்டினால் பெருக்கல் குறி டிக் குறியாக மாறும், அந்த ஆப் செய்த வேலை அது ஒன்றுதான். கூகுள் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சித்தப்பாவின் பச்சை டிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிக் ஞாபகம் வந்துவிடும்.

இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்டால், அது எதை விற்றுப் பிழைக்கிறது என்று பாருங்கள். அவாஸ்ட் உலகம் முழுக்கப் பெயரெடுத்த ஆன்டிவைரஸ் கம்பெனி, அது தன் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற தன் துணை நிறுவனம் மூலமாக விற்றது 2020இல் வெளியே வந்தது, 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கட்ட வைத்தது. கம்ப்யூட்டர் ஆன்டிவைரஸ், பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வழியாகச் சேர்த்த விவரம்தான் அது, ஆனாலும் காவலுக்கு வைத்த ஆள் நாம் எங்கே போகிறோம் என்று குறித்துவைத்து விற்கிறான் என்றால் நல்லாவா இருக்கு?

இதில் எனக்கு அதிகமாக எரிச்சல் வந்தது வேறொரு விஷயத்தில். அதே ஏபிகேயை சிம் இல்லாத, கூகுள் கணக்கு மட்டும் உள்ள என் பழைய போனில் போட்டுப் பார்த்தேன். உள்ளேயே விடவில்லை. கூகுளின் ப்ளே ப்ரொடெக்ட் குறுக்கே வந்து ஆப்பைத் தடுத்துவிட்டது, தொடரவா என்று கேட்கும் பொத்தான்கூட இல்லை. இது காசு கொடுக்காமலே 2017 முதல் ப்ளே ஸ்டோர் உள்ள எல்லாப் போனிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் இதுவும் சவலைப் பிள்ளைதான், 2021இல் ஜெர்மனியின் ஏவி டெஸ்ட் நடத்திய சோதனையில் பதினைந்து ஆப்களில் கடைசி இடம், மூன்றில் இரண்டு பங்கு வரைதான் பிடித்தது. அப்புறம் 2023 அக்டோபரில், வெளியிலிருந்து போடும் ஆப் புதியதாக இருந்தால் அதன் நிரலையே அந்த நேரத்தில் அனுப்பி அலசும் வசதியைக் கொண்டுவந்தார்கள், முதலில் கொடுத்தது இந்தியாவில். அடுத்த வருடம் சிங்கப்பூரில் சோதித்துவிட்டு இங்கேயும் இன்னொன்றைத் தொடங்கினார்கள்: வாட்ஸ்அப், பிரவுசர் மாதிரி வழிகளில் வந்த ஆப் எஸ்எம்எஸ், நோட்டிஃபிகேஷன், ஆக்ஸசிபிலிட்டி கேட்பதாக இருந்தால், பட்டியலில் பெயர் இருக்கிறதோ இல்லையோ, வாசலிலேயே நிறுத்திவிடும். ஆளின் முகத்தைப் பார்க்காமல் அவன் எந்த அறைச் சாவியைக் கேட்கிறான் என்று பார்ப்பது. சலான் ஆப் மாதிரி திருடர்களுக்கு இதுதான் சரியான மருந்து என்பது என் எண்ணம்.

அப்படியானால் சித்தப்பா போனில் ஏன் தடுக்கவில்லை? அணைத்து வைத்திருந்தது. சினிமா பார்க்க ஏதோ ஒரு ஆப்பைக் கடைப்பையன் தன் பென்டிரைவிலிருந்து போட்டுக் கொடுத்திருக்கிறான், அது போக மறுத்ததால் ப்ளே ப்ரொடெக்டை அணைத்திருக்கிறான், திரும்பப் போடவில்லை. காசு வாங்காத காவலாளியை அனுப்பிவிட்டு 599 ரூபாய்க்காரனை உட்கார வைத்திருக்கிறான். அந்த 599 ரூபாய் ஆப்பும் ஒரு வருடத்தில் ஒருமுறையாவது "ப்ளே ப்ரொடெக்ட் அணைந்திருக்கிறது, போடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். இல்லை. வைஃபை பாதுகாப்பானதா, மெமரி நிறைந்துவிட்டதா, பிரீமியம் பிளஸ் வேண்டுமா என்று மட்டும் தினம் கேட்டது. ஐந்துக்கு இரண்டு என்பதில் ஒரு மார்க் குறைந்தது இதற்காகவே.

உங்கள் போனில் இப்போதே பார்க்க வேண்டுமென்றால், ப்ளே ஸ்டோரைத் திறந்து வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் ப்ளே ப்ரொடெக்ட் என்று இருக்கும், உள்ளே பல்சக்கரம், அதில் இரண்டு சுவிட்சும் போட்டிருக்க வேண்டும். அடுத்தது எனக்கு முக்கியமாகப் படுவது: செட்டிங்ஸில் ஆப்ஸ், ஸ்பெஷல் ஆக்ஸஸ், அதற்குள் இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் என்று ஒரு பட்டியல். ஆண்ட்ராய்டு 8இலிருந்து இந்த அனுமதி ஆப்புக்கு ஆப் தனித்தனி. அதில் வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம், ஜிமெயில், ஃபைல் மேனேஜர் எதற்கும் அனுமதி இருக்கக் கூடாது. சித்தப்பா போனில் மூன்றுக்கு இருந்தது. அதே ஸ்பெஷல் ஆக்ஸஸில் நோட்டிஃபிகேஷன் படிக்கும் ஆப்களையும், டிவைஸ் அட்மினையும், தனியாக ஆக்ஸசிபிலிட்டி பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், தெரியாத பெயர் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் வெளியிலிருந்து வந்த ஆப்புக்கு ஆக்ஸசிபிலிட்டி அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது, "ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்" என்று மறுக்கும். யாராவது போனில் பேசிக்கொண்டே ஆப் விவரப் பக்கத்தின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு அனுமதி கொடுங்கள் என்று வழி சொன்னால் அந்த ஆள் பேங்கிலிருந்து பேசவில்லை. வாட்ஸ்அப் டூ ஸ்டெப் பின்னை திருடன் போடுமுன் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்டேட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வந்தபோது, ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனுக்குள் நுழையலாம் என்ற நிலை, யாரும் எதையும் அமுக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் மாதாமாதம் செக்யூரிட்டி பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) விடும் பழக்கமே ஆண்ட்ராய்டில் தொடங்கியது. அந்த மாதிரி ஓட்டையை எந்த ஆன்டிவைரஸாலும் அடைக்க முடியாது. செட்டிங்ஸில் பேட்ச் தேதியைப் பாருங்கள், ஒன்றரை இரண்டு வருடம் பழையதாக இருந்து புது அப்டேட்டும் வராது என்றால் அந்தப் போனில் பேங்க் ஆப் வைத்துக்கொள்ளாதீர்கள், பாட்டுக் கேட்கவும் மேட்ச் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளே ஸ்டோரில் இருந்தால் எல்லாம் சுத்தம் என்றும் இல்லை. காகிதங்களைப் படமெடுத்து ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனரை நம்மில் பலர் வைத்திருந்தோம், பத்து கோடிக்கு மேல் டவுன்லோட், 2019 ஆகஸ்டில் அதில் சேர்த்திருந்த ஒரு விளம்பர நிரலுக்குள் கெட்ட நிரல் வரிகள் இருப்பதை காஸ்பர்ஸ்கை என்ற ஆன்டிவைரஸ் கம்பெனி கண்டுபிடித்துச் சொன்னது, கூகுள் ஆப்பைத் தூக்கியது, சரிசெய்த பிறகு திரும்ப வந்தது. ஆன்டிவைரஸ் கம்பெனி ஆராய்ச்சியாளர்களால் உலகத்துக்கு நடந்த நல்லதில் இதுவும் ஒன்று, அவர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவர்கள் வேலையும் கடையில் தொங்கும் அட்டையும் வேறு வேறு.

வீட்டில் மனைவி ஐபோன். அவளுக்கும் ஒன்று போடலாமா என்று கேட்டாள். ஐபோனில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பைப் பார்க்கவே முடியாது, ஸ்கேன் என்பதே கிடையாது, செக்யூரிட்டி என்ற பெயரில் அங்கே விற்பது லிங்க் வடிகட்டி, விபிஎன், பாஸ்வேர்ட் பெட்டி. அவளுக்கு வந்த "உங்கள் ஐபோனில் 13 வைரஸ்" எச்சரிக்கை காலண்டரிலிருந்து வந்தது, ஏதோ ஒரு தளத்தில் தெரியாமல் காலண்டர் ஒன்றை சப்ஸ்கிரைப் செய்திருக்கிறாள், நீக்கியதும் 13 வைரஸும் போய்விட்டன. ஆண்ட்ராய்டில் இதே மாதிரி வருவது பெரும்பாலும் குரோமில் ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்ததால், சைட் செட்டிங்ஸில் போய் எடுத்துவிடலாம்.

சரி, அந்த இரண்டு மார்க் எதற்கு? ஒன்று, மோசடி லிங்க் தடுப்பு. மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும் என்று வந்த ஒரு எஸ்எம்எஸ் லிங்க்கை என் போனில் உண்மையாகவே நிறுத்தியது, இன்னொரு தடவை கொரியர் முகவரி லிங்க் ஒன்றை. குரோம் தானாகவே நிறுத்தியிருக்குமா தெரியாது, ஆனால் இது முந்திக்கொண்டது, கொடுத்துவிடலாம் ஒரு மார்க். இன்னொன்று, இருபது மணி நேரம் கழித்தாவது சொன்னதே அதற்கு. சொல்லாமலே இருந்திருந்தால் நான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

காசு கொடுத்து வாங்க யாருக்கு நியாயம் இருக்கிறது என்று கேட்டால், ப்ளே ஸ்டோர் இல்லாத போன் வைத்திருப்பவர்கள், வேலைக்காக வெளி ஏபிகேக்களைப் போட்டே ஆக வேண்டியவர்கள், இந்த இரண்டு தரப்பும்தான் எனக்குத் தோன்றுகிறது. அவர்களும் கடைச் சுவரில் தொங்கும் அட்டையை உருவாமல், ஏவி டெஸ்ட், ஏவி கம்பாரேட்டிவ்ஸ் முடிவுகளைப் பார்த்து வாங்கட்டும். இலவசமாக வேண்டும் என்றால் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் ஹைதராபாத்தில் செய்த எம்-கவச் 2 இருக்கிறது, மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா பக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள், ராக்கெட் படம் எல்லாம் கிடையாது. ஓடிபியைக் கேட்டவரிடம் நாமே வாசித்துக் காட்டுவது, வீடியோ காலில் போலீஸ் வேஷத்தில் வந்தவனுக்குப் பயந்து நாமே பணம் அனுப்புவது, இவற்றில் வைரஸே கிடையாது, ஆகவே ஆன்டிவைரஸுக்கும் அங்கே வேலை இல்லை.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். "லேய், செவப்பா ஒண்ணு வருது, உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டதாம், 1,299 கட்டணுமாம்." முதல் வருடம் 599, இரண்டாம் வருடம் 1,299. ஐகானை நீளமாக அமுக்கி அன்இன்ஸ்டால் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். இப்போது காலையில் ஸ்கேன் இல்லை, நேராகக் காப்பிதான். கடையில் வாங்கிய மற்ற சாமான்களைப் பற்றியும் கேட்டேன், ரப்பர் கவர் இரண்டு மாதத்தில் மஞ்சளாகிக் கிழிந்துவிட்டதாம். டெம்பர்ட் கிளாஸ் 150 ரூபாய், எக்ஸ்எல்லில் போகும்போது சட்டைப் பையிலிருந்து இரண்டு தடவை ரோட்டில் விழுந்திருக்கிறது, ஓரத்தில் ஒரு கீறலோடு அப்படியே இருக்கிறது.